பெர்னார்தினோவின் அடகுக் கடை

ஃபெல்த்ரே ஊர் பெர்னார்தினோவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் அவர் பெயர் இரண்டு வெவ்வேறு பட்டியல்களில் தட்டுப்படும். கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றிலும் வங்கித்துறையின் வரலாற்றிலும் அவர் ஏழைகளின் காவலர். குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும் பொது அடகு நிலையங்களை இத்தாலி முழுக்க நிலைநிறுத்தியவர். யூதர்களின் வரலாற்றை எழுதியவர்களிடம் போனால் அவர் ஊர் ஊராகப் பகையை விதைத்துவிட்டு நடந்த துறவி. முதல் பட்டியல்காரர்கள் இரண்டாவதை அடிக்குறிப்பில் தள்ளுகிறார்கள். இரண்டாவது பட்டியல்காரர்கள் முதலாவதை ஒரு சாக்கு என்கிறார்கள். இரண்டு கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது என்பதே எனக்கு வேண்டிய விடை.

பிறப்பு 1439. இயற்பெயர் மார்த்தினோ தோமித்தானோ. வெனிஸ் ஆட்சிக்கு உட்பட்ட ஃபெல்த்ரேயில் வசதியான குடும்பம். படுவாவில் சட்டப் படிப்பு. அங்கே பிரசங்கிக்க வந்த மார்க்கே நாட்டு யாக்கோபு என்ற பிரான்சிஸ்கன் துறவியின் பேச்சில் மனம் மாறி, 1456இல் அதே சபையில், ஏழ்மை ஒழுங்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த கிளையில் சேர்ந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் புனிதர் பட்டம் பெற்றிருந்த சியன்னா பெர்னார்தினோவின் பெயரை வைத்துக்கொண்டார். 1463இல் குருப்பட்டம். அதன்பின் 1494 செப்டம்பர் 28 அன்று பவியாவில் நோயுற்று இறக்கும்வரை வாழ்க்கை முழுதும் நடைதான்: வெறுங்காலோடு நகரம் விட்டு நகரம், தவக்காலப் பிரசங்கம், குடும்பப் பகை தீர்த்துவைத்தல், சீட்டுக்கட்டையும் ஆடம்பரப் பொருள்களையும் சந்தையில் குவித்துக் கொளுத்துதல். இந்தக் கொளுத்தலை ஃபுளோரன்ஸ் துறவி சவனரோலாவின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. பிரான்சிஸ்கன்கள் அதை அவருக்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். உருவத்தில் மிகச் சிறியவர், தன்னைச் சின்னவன், ஏழை என்றே குறிப்பிட்டுக்கொண்டவர். பவியாவில் 1493இல் அவர் ஆற்றிய பிரசங்கங்களை உடனிருந்த சக துறவி ஒருவர் குறிப்பெடுத்து வைத்தார். அதனால் அவர் பேச்சைப் பற்றிப் புனைவுகளை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை நமக்கு இல்லை.

அவர் எதிர்கொண்ட சிக்கல் உண்மையானது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய நகரத்தில் நெசவாளியோ கூலிக்காரனோ குளிர்காலத்தில் வேலையில்லாமல் போனால் மேலாடையையும் போர்வையையும் அடகு வைத்துத்தான் ரொட்டி வாங்க வேண்டும். கிறிஸ்தவர் வட்டி வாங்குவதைத் திருச்சபைச் சட்டம் பாவம் என்றது. பெரிய கிறிஸ்தவ வங்கிகள் அந்நியச் செலாவணி உண்டியல் வழியாக அந்தத் தடையைச் சுற்றிப்போய்ச் சம்பாதித்தன. ஆனால் அவை போர்வையை அடகு பிடிக்க உட்காராது. அந்த வேலையை நகராட்சிகள் ஒப்பந்தம் போட்டு யூதர்களிடம் ஒப்படைத்தன. நிலமும் தொழிற்சங்கமும் பல இடங்களில் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தன. திறந்திருந்த கதவுகளில் இது ஒன்று. ஒப்பந்தத்தில் வட்டி விகிதம், தவணை, கடை எண்ணிக்கை எல்லாம் எழுதியிருக்கும். ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதும் அதற்கு மேலும் சாதாரணம். நம் வழக்கில் மாதம் ரெண்டு வட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த இருபதில் யூதரின் லாபம் மட்டும் இல்லை. நகரத்துக்குக் கட்டிய உரிமத் தொகை இருந்தது. சிற்றரசனின் அவசரத் தேவைக்குக் கொடுத்துத் திரும்பாத பணம் இருந்தது. அடுத்த ஆண்டே துரத்தப்படலாம் என்ற அபாயத்தின் விலை இருந்தது. ஆக ஏழை கட்டிய வட்டியில் ஒரு பங்கு கிறிஸ்தவ நகராட்சியின் கஜானாவுக்கே போனது. வசூலிக்கும் கை யூதருடையதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பெர்னார்தினோ சட்டம் படித்தவர். ஒப்பந்தம் என்றால் என்ன, அதில் யாருக்கு என்ன போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. இதைப் பின்னால் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மோந்தே தி பியெத்தா, அதாவது அறக் குன்று, என்று அழைக்கப்பட்ட அறநிதி அடகு நிலையத்தைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. பெருஜியாவில் 1462இலேயே அது தொடங்கிவிட்டது. மிக்கேலே கார்க்கானோ என்ற இன்னொரு பிரான்சிஸ்கனின் பிரசங்கம் அதற்குத் தூண்டுதல். தொடக்க முதலில் ஒரு பகுதியை யூதர்களிடமே கடன் வாங்கித் திரட்ட முடிவானது என்பது கவனிக்கத்தக்க வேடிக்கை. பெர்னார்தினோவின் சாதனை வேறு. 1484இல் மாந்துவாவில் தொடங்கி 1491இல் படுவா, 1493இல் பவியா என்று, சில இடங்களில் புதிதாகத் திறந்தும் சில இடங்களில் நொடித்துக்கிடந்ததைத் தூக்கி நிறுத்தியும், இந்த ஏற்பாட்டை நிலைக்கக்கூடியதாக ஆக்கினார்.

கடை நடந்த விதத்தைப் பார்த்தால் அதன் பின்னாலிருந்த மூளை தெரியும். திறப்பு விழா என்பது பெரிய ஊர்வலம். கொடி, இசை, தட்டில் காணிக்கை. அதில் சேர்ந்ததுதான் முதல். அதன்பின் மதிப்பீட்டாளர், பொருள்களுக்குப் பொறுப்பான காப்பாளர், கணக்கெழுதும் நோட்டரி என்று சம்பளக்காரர்கள். உள்ளூர் ஏழை ஒருவர் மேலாடையைக் கொண்டுவந்தால் மதிப்பு போட்டு, அதைவிடக் குறைவான தொகையைக் கொடுத்து, அடகுச் சீட்டு எழுதி, ஆடையில் அதே எண்ணைக் கட்டி அடுக்கில் வைப்பார்கள். பணம் தன் தேவைக்குத்தான், சூதாட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ இல்லை என்று வாங்குபவர் சத்தியம் செய்ய வேண்டும். ஒருவருக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. ஏறக்குறைய ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் பொருள் மூழ்கும். பொது ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் கடனுக்கும் வட்டிக்கும் மேலாக வந்த தொகை அடகு வைத்தவருக்கே திரும்பும். அடகு மூழ்கிப்போன வீட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கடைசி விதியின் அருமை புரியும்.

இனி வட்டி. இங்கேதான் பெர்னார்தினோ தன் காலத்து நல்லவர்கள் பலரைவிட உயரமாக நிற்கிறார். ஏழைக்கு அறநிதியிலிருந்து கொடுப்பதற்கு வட்டி எதற்கு என்று கேட்டவர்கள் அவர் சபைக்குள்ளேயே இருந்தார்கள். வெளியே சாமிநாதர் சபையினரும் அகுஸ்தீனார் சபையினரும் கடுமையாக எதிர்த்தார்கள்: வட்டி வட்டிதான், அதை யூதன் வாங்கினாலும் துறவி வாங்கினாலும் பாவம்தான். அகுஸ்தீனார் சபை நிக்கோலோ பரியானி, பெர்னார்தினோ இறந்து இரண்டாண்டுக்குள், 1496இல் இந்த நிலையங்களை அறத்துக்கு எதிரான குன்று என்று தலைப்பிலேயே திட்டி நூல் எழுதினார். சாமிநாதர் சபையின் பெரிய இறையியலாளர் காயெத்தான் 1498இல் எதிர்த்து எழுதினார்.

பெர்னார்தினோவின் பதில் நடைமுறையிலிருந்து வந்தது. வாடகை உண்டு, சம்பளம் உண்டு, பூச்சியரித்துக் கெடும் துணி உண்டு. இந்தச் செலவைக் காணிக்கையிலிருந்து எடுத்தால் முதல் கரையும். பக்தி ஊர்வலத்தின் சூடு இரண்டாம் ஆண்டே ஆறிவிடும். இலவசக் கடை மூடப்படும். ஏழை பழைய இருபது வட்டிக்கே திரும்புவார். எனவே நூற்றுக்கு ஐந்து அளவில் செலவுக்கான தொகையை வாங்கியே தீரவேண்டும், அது கடனுக்கு வாங்கும் லாபம் ஆகாது என்றார். இலவசமாகக் கொடுத்துப் புண்ணியம் தேடுகிறவரின் மனநிம்மதியைவிடக் கடன் வாங்குகிறவரின் நாளைய நிலை முக்கியம் என்ற முடிவு அது. தருமம் செய்வோருக்கு இந்தத் தெளிவு அன்றும் அரிது, இன்றும் அரிது. 1515 மே மாதம் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கத்தில் திருத்தந்தை பத்தாம் லியோ வெளியிட்ட ஆணை அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. செலவுக்காக வாங்கும் சிறு தொகை முறையானது, அதை இனி பாவம் என்று பிரசங்கிப்பவர் சபைநீக்கத்துக்கு உள்ளாவார். ஐரோப்பியக் கடன் சிந்தனையில் ஒரு திருப்பம் அது. முழு மதிப்பெண் கொடுத்துவிட்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறேன்.

1475 தவக்காலத்தில் பெர்னார்தினோ திரெந்தோவில் பிரசங்கம் செய்தார். அங்கே யூதர்கள் மூன்று வீட்டார், மொத்தம் முப்பது பேர் அளவில். ஈஸ்டருக்கு முன் சீமோன் என்ற, மூன்று வயதுகூட நிறையாத குழந்தை காணாமல் போயிற்று. ஈஸ்டர் ஞாயிறன்று, மார்ச் 26, யூதரான சாமுவேலின் வீட்டுக்கு அடியில் ஓடிய நீரில் உடல் கிடந்தது. கண்டவர்கள் அந்த வீட்டாரே. அதிகாரிகளிடம் போய்ச் சொன்னவர்களும் அவர்களே. சடங்குக்காகக் கிறிஸ்தவக் குழந்தையைக் கொன்று இரத்தம் எடுத்தார்கள் என்ற பழைய பொய்யை வைத்து அவர்களைக் கட்டித் தொங்கவிட்டுச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஆண்கள் பலர் கொல்லப்பட்டார்கள். குழந்தை தியாகி ஆக்கப்பட்டது. அச்சுப்பொறி அப்போதுதான் வந்திருந்த அந்த ஊரில் முதலில் அச்சானவற்றில் இந்தக் கதையும் ஒன்று.

பெர்னார்தினோ இந்தக் குற்றச்சாட்டைக் கட்டினார் என்பதற்குச் சான்று இல்லை. விசாரணையை நடத்தியவர் ஆயர் ஹிண்டர்பாக். ஈஸ்டருக்கு முன் யூதரின் கொடுமை வெளிப்படும் என்று பெர்னார்தினோ முன்கூட்டிச் சொன்னதாக ஒரு கதை உண்டு. அது நடந்ததற்குப் பின் பக்தர்கள் சேர்த்த அலங்காரம் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். அந்தக் கதையை அவர் மகிமைக்குச் சாட்சியாகக் கொண்டவர்களும் அவர் குற்றத்துக்குச் சாட்சியாகக் கொள்பவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஆனால் நாற்பது நாள் அந்த ஊரின் காதில் யூதரைப் பற்றி என்ன விழுந்தது என்பதில் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு குழந்தை காணாமல் போனவுடன் கேள்வி கேட்காமல் ஒரே திசையில் திரும்பும் அளவுக்கு ஊர் தயாராக இருந்தது. பிரசங்கம் என்ற தொழிலின் நோக்கமே கேட்பவரைத் தயார்செய்வதுதான்.

அதன்பின் வரிசையாக வருகிறது. 1488இல் ஃபுளோரன்சில் அவர் பிரசங்கத்தைக் கேட்ட இளைஞர் கூட்டம் யூத அடகுக்காரர் ஒருவரின் கடையை நோக்கிப் பாய்ந்தது. ஆட்சியாளர்கள் கூட்டத்தை அடக்கி, துறவியை ஊரைவிட்டு அனுப்பினார்கள். ரவென்னாவில் 1491இல் அவர் பேசியதைத் தொடர்ந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது கிரேமா நகரில் அவர் பேசியது. யூதரின் உடலுக்கோ உடைமைக்கோ யாரும் தீங்கு செய்யக்கூடாது, அவர்களுக்கும் நீதியும் அன்பும் உரியவை என்றுதான் தொடங்குகிறார். பிறகு அங்கிருந்து நகர்ந்து, அவர்களோடு உண்ணாதீர்கள், அவர்களை வைத்தியத்துக்கு அழைக்காதீர்கள் என்கிறார். யூதர் ஒருவர் வீட்டுக் கல்யாணம் எட்டு நாள் நடந்ததாம். விருந்துக்கும் ஆட்டத்துக்கும் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்களாம். அதுதான் அவர் மனம் பொறுக்காத காட்சி.

அந்தக் கல்யாண வீட்டைச் சற்று நின்று பார்க்கவேண்டும். எட்டு நாள் விருந்துக்கு ஊரார் போய்வந்தார்கள் என்றால், வட்டி வாங்குபவனும் கட்டுபவனும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் உறவு அங்கே இருந்திருக்கிறது. காய்ச்சல் வந்தால் யூத வைத்தியரைக் கூப்பிடும் நம்பிக்கை இருந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் வட்டி விகிதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெர்னார்தினோ தாக்கியது கந்துவட்டியைத்தான், யூதர் என்பதை அல்ல என்று அவருக்காக வாதாடுபவர்கள் சொல்கிறார்கள். கிறிஸ்தவ வட்டிக்காரர்களையும் அவர் திட்டினார் என்பதும் உண்மையே. ஆனால் கிறிஸ்தவ வட்டிக்காரனின் மகள் கல்யாணத்துக்குப் போகாதே என்று அவர் சொல்லவில்லை. கிரேமாவோடு அந்த வாதம் முடிந்துவிடுகிறது.

அடித்துப்பேசிவிட்டு அடிக்காதே என்று சேர்த்துக்கொண்டது அவரைக் காப்பாற்றுமா? சட்டப்படி காப்பாற்றலாம். கலகத்துக்குத் தூண்டியதாகக் குற்றம் சாட்டினால் அந்த வரியை அவர் காட்டலாம். ஆனால் ஃபுளோரன்சுக்குப் பிறகு தன் பேச்சின் விளைவு அவர் கண்ணுக்கு எதிரே இருந்தது. ஒரு நகரத்தில் கூட்டம் அந்த வரியை மறந்து கடையை உடைக்கப் போனதைக் கண்டவர், அடுத்த நகரத்திலும் அதே பேச்சை அதே வரியோடு பேசினால், அந்த வரி யாருக்காக என்று கேட்காமல் இருக்க முடியாது.

காலத்தின் குழந்தை என்ற வாதம் இன்னும் வலுவானது. அதை எளிதில் தள்ள நான் விரும்பவில்லை. ஐநூறு ஆண்டுக்கு முந்தைய துறவியை இன்றைய அளவுகோலால் அளப்பது சோம்பேறித் திறனாய்வு. எனவே அவர் காலத்து அளவுகோலையே எடுப்போம். திரெந்தோ விசாரணையை ஆராயத் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் அனுப்பிய ஆயர் பத்தீஸ்தா தெய் ஜூதிச்சி, சாமிநாதர் சபைத் துறவி, குற்றச்சாட்டை நம்பவில்லை. உள்ளூர் எதிர்ப்பில் ரொவெரெத்தோவுக்குப் பின்வாங்கியும் யூதர்கள் தரப்பில் வாதாடினார். ஃபுளோரன்ஸ் பெர்னார்தினோவை வெளியேற்றியது. அவர் பிறந்த நாட்டை ஆண்ட வெனிஸ், திரெந்தோவுக்குப் பின் தன் எல்லையில் யூதரைக் காக்க உத்தரவு போட்டது. ஆட்சியாளர்களின் நோக்கம் பெரும்பாலும் அமைதியும் வருமானமும்தான், கருணை இல்லை. 1478இல் சிக்ஸ்துஸே திரெந்தோ விசாரணை முறைப்படி நடந்தது என்று சொல்லி அரைமனதாக ஒதுங்கிக்கொண்டார். ஆனாலும் வேறு மாதிரி நினைக்க அந்தக் காலத்தில் இடம் இருந்தது. நினைத்தவர்களில் அவரைப் போலவே துறவு உடை அணிந்தவரும் இருந்தார். பெர்னார்தினோ இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்.

நம்மவர்கள் கோடி அற்புதர் என்று கொண்டாடும் படுவா அந்தோணியாரும் இதே சபைதான், பெர்னார்தினோ சபையில் சேர்ந்த இதே ஊர்தான். வட்டிக்காரர்களை அவரும் கடுமையாகச் சாடினார். 1231 மார்ச் மாதம் படுவா நகரம் ஒரு சட்டம் இயற்றியது: சொத்தை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் வைக்கக்கூடாது. அந்தோணியாரின் வேண்டுகோளின்படி என்று சட்டத்திலேயே பதிவாகியிருக்கிறது. யாரையும் ஊரைவிட்டுத் துரத்தாமல் ஏழைக்காகப் பேசலாம் என்பதற்கு இதைச் சான்றாக நீட்டலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒப்பீடு நேர்மையாகாது. அந்தோணியார் காலத்துப் படுவாவில் வட்டிக்கு விட்டவர்கள் கிறிஸ்தவர்கள். யூத அடகுக்காரர்கள் பின்னர் வந்தவர்கள். அந்தச் சோதனையே அவருக்கு நேரவில்லை. நேராத சோதனையில் ஒருவரைத் தேர்ச்சி பெற்றவராக்கி இன்னொருவரைத் தோற்கடிப்பது சரியில்லை. ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: அந்தோணியார் சட்டத்தைத் திருத்தச் சொன்னார். சட்டம் படித்த பெர்னார்தினோ, உரிமத் தொகை வாங்கும் நகராட்சியைப் பற்றிக் குறைத்தும் அதன் கையாளைப் பற்றிக் கூட்டியும் பேசினார்.

அறநிதி நிலையத்தின் அடையாளமாகக் குன்று ஒன்றைக் கையில் ஏந்தியவராக அவரை ஓவியர்கள் வரைந்தார்கள். உச்சியில் கொடி பறக்கும். அதோடு எழுதப்படும் லத்தீன் சொற்கள் நல்ல சமாரியன் கதையில் வருபவை. அடிபட்டவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சமாரியன் சத்திரக்காரனிடம் பேசும் இடம். வழியில் கிடந்தவனைத் தூக்கியவன் யார்? ஊரார் தொடக் கூசிய வேற்று இனத்தான். தன் வைத்தியத்தையும் தன் பணத்தையும் கொடுத்தவன் அவன்தான். அந்தக் கதையைக் கொடியில் எழுதிக்கொண்டு வேற்று இனத்தானின் வைத்தியத்தை ஏற்காதே என்று பேசியதில் இருந்த முரண் அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. தருமத்தின் எல்லையை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் தாராளமாக இருந்தார்.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தீர்ப்பு அதில்தான் தொங்குகிறது. அந்தப் பகை இல்லாமல் அந்தக் கடை எழுந்திருக்குமா? பகையே விலை, மலிவுக் கடனே பயன் என்றால் வேதனையோடாவது ஒரு கணக்குப் போடலாம். வெனிஸ் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. தன் ஆட்சிக்குட்பட்ட படுவா போன்ற ஊர்களில் அறநிதி நிலையத்தை அனுமதித்த வெனிஸ், தலைநகரில் அதைத் திறக்க விடவே இல்லை. மாறாக, கெட்டோவில் அடைத்து வைத்திருந்த யூதர்களுடனான ஒப்பந்தத்தில் 1573இல் ஏழைகளுக்கான அடகு வட்டியை ஆண்டுக்கு நூற்றுக்கு 5 என்று எழுதியது. பெர்னார்தினோவின் விகிதம், கொடுத்தது யூதரின் கடை. வட்டியை நிர்ணயித்தது ஒப்பந்தம் எழுதிய கை, மதம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். வெனிசைப் பாராட்டவும் இதில் ஒன்றுமில்லை. அந்த விகிதத்தில் கடை நட்டத்தில்தான் ஓடும் என்று தெரிந்தே நட்டத்தை யூத சமூகத்தின் தலையில் கட்டியது. பெர்னார்தினோ பத்தாண்டு உழைத்து வாதாடிய அந்தச் செலவுக் கணக்கை, வெனிஸ் வேறொருவர் பையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டது.

ஆகவே கடன் நிலையத்தை நிலைநிறுத்தியவர் என்ற பெருமையை ஒரு காசும் குறைக்காமல் அவருக்குக் கொடுக்கிறேன். ஏழைகளின் காவலர் என்ற பட்டத்தைக் கொடுக்க மாட்டேன். கிரேமாவின் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த ஏழைகளுக்கு ஒரு பகையைக் கற்பித்து, அதைக் கடனோடு சேர்த்துக் கொடுத்தவர் அவர். அந்தப் பகுதி கடனுக்குத் தேவைப்படாதது. திருச்சபை 1654இல் அவரை அருளாளராக உறுதிசெய்தது. திரெந்தோவின் சீமோன் வழிபாட்டை 1965இல் நீக்கிவிட்டது. நீக்கியவர்கள் சீமோன் கதையைப் பரப்பிய பிரசங்க மேடைகள் பக்கமும் ஒருமுறை திரும்பியிருக்கலாம்.